கருவியும் கல்வியும்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மூன்றாண்டுகளை நடுத்தர வகுப்புகள் என வழங்குகிறோம். இப்பருவத்துச் சிறுவர் சிறுமியர் எப்பொருளைக் கண்டாலும் பிரித்துப் பார்க்க விழைவர். கடிகாரம் கெட்டது இவர்களால் என்று குறை கூறாத இல்லம் அரிது. இவ்விழைவைக் குறும்பென்று அடக்குவதா, அன்றிப் பாடமாக்கி வளர்ப்பதா என்னும் வினாவுக்கு உலகத்துப் பள்ளிகள் ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளாக விடை தேடி வருகின்றன.

இத்துறையில் முன்னின்றது பின்லாந்து தேசம். அலாஸ்காவிலுள்ள சிட்கா நகரில் சில ஆண்டுகள் சமயப்பணி புரிந்து திரும்பிய ஊனோ சிக்னேயஸ் என்பார், 1863இல் யூவாஸ்கூலா நகரில் நிறுவப்பெற்ற ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் தலைவரானார். 1866ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் கிராமப் பள்ளிச் சிறுவர்க்குக் கைவேலை கட்டாயப் பாடமாயிற்று. சிறுவரைத் தச்சராக்குவது அவர் கருத்தன்று. கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கே பயிலவேண்டும் என்பதே அவர் கொள்கை.

அக்காலத்தில் இதற்கு மாறான முறையொன்றும் இருந்தது. மாஸ்கோ நகரின் தொழிற்கல்லூரித் தலைவர் விக்டர் டெல்லா-வோஸ், ஒவ்வொரு தொழிலையும் அதன் சிறு கூறுகளாகப் பகுத்து, அறுத்தல், இழைத்தல், பொருத்துதல் என வரிசையாகப் பயிற்றினார். மாணாக்கன் பல பொருத்துக்களைச் செய்து பழகுவான். முழுப்பொருள் எதுவும் செய்யான். 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் இம்முறையைக் கண்டு அமெரிக்கர் பெரிதும் வியந்தனர். தொழிற்சாலைக்கு ஆள் தேடுவோர்க்கு இது மிகச் சிறந்த முறையே. ஆயினும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், எதற்கும் உதவாத இரு மரத்துண்டுகளை நாள்தோறும் பொருத்திக்கொண்டிருப்பது, பொருளறியாது வாய்பாட்டை ஒப்பிப்பதையே ஒக்கும்.

சுவீடன் தேசத்து நேஸ் என்னும் ஊரில் ஆட்டோ சாலமன் 1875இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி நிலையம் இவ்விடத்தில்தான் வேறுபட்டது. அவரது முறையைச் ‘சிலாய்டு’ என்பர். மாணாக்கன் முதலிற் கையிலெடுப்பது அங்குள்ள குடியானவர் வீடுதோறும் காணப்பெறும் கத்தி. அதனால் சிறு குச்சியொன்றைச் சீவுவதில் தொடங்கி, படிப்படியாக அரிய பொருள்களுக்கு ஏறுவான். செய்வனவெல்லாம் வீட்டிற்குப் பயன்படும் முழுப்பொருள்களாக இருத்தல் வேண்டும் என்பது விதி. கற்பிப்பவர் கைதேர்ந்த தச்சராக இருப்பதினும் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருத்தலே நன்று என்பதும் சாலமன் வற்புறுத்திய கொள்கை. பல நாட்டு ஆசிரியர்கள் கடல் கடந்து சென்று அவரிடம் பயின்றனர்.

நம் நாட்டிற்கு வருவோம். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டின் பயனாக ஆதாரக் கல்வித் திட்டம் உருவாயிற்று. தக்ளியில் நூல் நூற்கும்போதே கணக்கும் பூகோளமும் வரலாறும் கற்பிக்கலாம் என்பது அதன் உயிர்நாடி. மாணாக்கர் செய்யும் பொருள்களின் வருவாயால் பள்ளிச் செலவு ஈடாகும் என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்திருந்தது. வருவாயை மிகுதியாகக் கருதினால் கல்வி கெடும் என்று ஜாகிர் உசேன் குழுவின் அறிக்கையே அந்நாளில் எச்சரித்தது.

1953இல் சென்னை இராச்சியத்தில் முதலமைச்சர் இராஜாஜி கொணர்ந்த திட்டம் தொடக்கப் பள்ளிகளைப் பற்றியதாயினும், இங்கே மறக்கத்தக்கதன்று. கிராமப் பள்ளிகளில் படிப்பு நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்திற் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயிலவேண்டும் என்றனர். குலக்கல்வி என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தோர் உழைப்பை இகழ்ந்தவரல்லர். குயவன் மகனுக்குச் சக்கரமும் அதிகாரி மகனுக்குப் புத்தகமும் என்று பிறப்பே பங்கிடுமாயின் அது பாடமாகாது. இருவர் மகாரும் ஒரே மேசையருகில் நின்று ஒரே உளியைப் பிடிக்கும்போதுதான் அது பாடம் என்னும் பெயருக்கு உரியதாகும். இக்கருத்தில் நான் சிறிதும் விட்டுக்கொடேன்.

அப்பாடத்தில் எதைக் கற்பிப்பது? சைக்கிள் ஒன்று போதும். மிதியோடு சேர்ந்த பெரிய பற்சக்கரத்தின் பற்களையும், பின்சக்கரத்துச் சிறிய பற்சக்கரத்தின் பற்களையும் மாணாக்கர் தாமே எண்ணட்டும். அவை 44, 18 என்று வைத்துக்கொள்வோம். மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய 2.44 முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர், ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 5.4 மீட்டர் அளவு செல்லும். இதனைக் கரும்பலகையில் முடித்துவிடலாகாது. விளையாட்டு மைதானத்தில் சுண்ணக்கோடு இட்டு, வண்டியை உருட்டி அளக்கவேண்டும். கணக்கிற்கும் அளவிற்கும் சிறிது வேறுபாடு தோன்றும். அது காற்றுக் குறைந்த டயராலா, அளந்த நாடாவாலா என்று மாணாக்கர் வாதிடத் தொடங்கும் நேரமே இப்பாடத்தின் பொன்னான நேரம். பின்னர், பாரமேற்றி மேட்டில் ஏறுவதற்கு எத்தகைய பற்சக்கரம் வேண்டும் எனக் கேட்டால், விகிதம் பாடநூலை விட்டு வீதிக்கு வந்துவிடும்.

கணினி வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்பாருமுளர். திரையில் விரலை நகர்த்தக் கற்பதைத் தொழில்நுட்பப் பாடம் என்பது, வண்டியிற் பயணம் செய்வதை வண்டி கட்டும் கலை என்பது போலாம். கணினிக்கு ஆணை எழுதித் தானே ஒரு கருவியை இயக்குதல் வேறு; அதனைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

ஆண் பெண் வேற்றுமையும் இப்பாடத்தை நெடுங்காலம் பற்றி நின்றது. ஜப்பானில் 1958ஆம் ஆண்டின் பாடத்திட்டம் நடுநிலைப் பள்ளிச் சிறுவர்க்குத் தொழில்நுட்பமும் சிறுமியர்க்கு மனையியலும் வகுத்தது. 1989இல் திருத்தப்பெற்ற திட்டத்தின்படி 1993 முதலே இருபாலாரும் இரண்டையும் ஒருங்கே கற்கலாயினர்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள காலத்திற் பத்து நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் முதலியோரிடம் பயில இடம் வகுக்கிறது. தொடக்கமாக அது நன்று. எனினும் மூன்றாண்டில் பத்து நாள் என்பது உளியைப் பிடிக்கும் விதம் அறிவதற்குள் முடிந்துவிடும். வாரம் இரண்டு மணியேனும் வேண்டும். ஓர் ஆசிரியருக்கு இருபது மாணாக்கருக்கு மேற்படாமையும் வேண்டும். அறுபது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் அஞ்சிக் கருவிப் பெட்டியைப் பூட்டியே வைப்பார். அவரைக் குறை கூறவும் இயலாது.

எஞ்சியது தேர்வு. இரம்பத்தின் பாகங்களைப் பெயரிடுக என்று வினாத்தாளிற் கேட்டால், இரம்பத்தைத் தொடாதவனே முதல் மதிப்பெண் பெறுவான். 1990 முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்தை நடத்திவரும் இங்கிலாந்துப் பள்ளிகளில், மாணாக்கர் தாம் வரைந்த திட்டத்தையும் செய்த பொருளையும் அதன் குறைநிறைகளைத் தாமே ஆராய்ந்ததையும் சேர்த்து மதிப்பிடுகின்றனர். கால் ஆடுகின்ற முக்காலியைச் செய்த சிறுமி, அது ஏன் ஆடுகிறது என்று சரியாக எழுதிவிட்டால், ஆடாத முக்காலியைத் தற்செயலாகச் செய்தவனினும் மிகுதியான மதிப்பெண் பெறலாம்.