கைத்தொலைபேசிக்குள் வந்த உடற்பயிற்சி ஆசிரியை

"இதைப் பார்த்துச் செய், மூன்று மாதத்தில் உடம்பு இறங்கும்" என்று கனடாவிலிருந்து மச்சாளோ லண்டனிலிருந்து அக்காவோ அனுப்பிய உடற்பயிற்சி வீடியோ வன்னியில் பல பெண்களின் கைத்தொலைபேசிகளில் கிடக்கிறது. ஆசையோடு தொடங்குகிறார்கள். மூன்றாம் நாள் முழங்கால் நோகிறது, விட்டுவிடுகிறார்கள். பிறகு "எனக்கு மனவுறுதி இல்லை" என்று தம்மையே குறை சொல்கிறார்கள். குறை அவர்களிடம்தானா?

வீட்டுக்குள் இருந்தபடியே பயிற்சி செய்யும் பழக்கத்தை ஒரு பெரும் வியாபாரமாக்கிக் காட்டியது, 1982 இல் அமெரிக்க நடிகை ஜேன் ஃபொண்டா வெளியிட்ட வீடியோ நாடா. அதே வழியில் 1998 இல் கலிபோர்னியாவின் சாண்டா மொனிக்கா நகரில் தொடங்கியது பீச்பொடி நிறுவனம். தொலைக்காட்சி விளம்பரம் மூலம் இறுவட்டுகளை விற்றது. 90 நாட்களில் உடலை மாற்றலாம் என்று சொன்ன பி90எக்ஸ் என்ற அதன் தொகுதி பெரும் புகழ் பெற்றது. பின்னர் இறுவட்டு போய் இணையவழிச் சந்தா வந்தது. 2020 இல் கொரோனா உலகையே வீட்டுக்குள் பூட்டியபோது இத்தகைய நிறுவனங்களின் காட்டில் மழை. ஊரடங்கு முடிந்ததும் அந்த மழையும் ஓய்ந்தது. பீச்பொடி 2023 இல் தன் பெயரையே 'பொடி' என்று மாற்றிக்கொண்டது.

இந்த நிறுவனம் விற்ற முறைதான் நாம் கவனிக்க வேண்டியது. வாங்கியவரே ஒரு கட்டணம் செலுத்தி 'பயிற்றுநர்' ஆகலாம். அதற்கு உடற்பயிற்சிக் கல்வி எதுவும் தேவையில்லை. அவர் தனக்குக் கீழே ஆட்களைச் சேர்த்தால் அவர்களின் விற்பனையிலும் பங்கு கிடைக்கும். இப்படிச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். சமூகவியல் படித்தவள் என்ற வகையில் எனக்கு இதில் உறுத்துவது, உறவும் நட்பும் இங்கே விற்பனைப் பாதையாகிவிடுவதுதான். அக்கா சொல்வதை விளம்பரம் என்று யார் நினைப்பார்கள்? இந்தச் சங்கிலி முறையைக் கைவிடுவதாக நிறுவனம் 2024 இல் அறிவித்தது. அதற்கு முன்பே, முறையான சம்மதமின்றி வாடிக்கையாளரின் கடனட்டையிலிருந்து சந்தாவைத் தானாகப் புதுப்பித்துக் கழித்ததாக எழுந்த வழக்கில், 2017 இல் 36 இலட்சம் டொலர் செலுத்த அது உடன்பட்டிருந்தது.

அப்படியானால் உடற்பயிற்சியே வேண்டாமா? "உலக்கை பிடித்த கைக்கு உடற்பயிற்சி எதற்கு" என்று சில ஆண்கள் சிரிப்பதுண்டு. உலக்கை இப்போது எந்த வீட்டில் இருக்கிறது? மா இடிக்க மில், தண்ணீருக்கு மோட்டர், சந்தைக்குப் போக ஸ்கூட்டி. சுமை குறைந்தது நல்லதே; அதற்காக யாரும் அம்மிக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் நாள் முழுவதும் தையல் மெசினில் குனிந்திருக்கும் பெண்ணுக்கும், ஆடைத் தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நிற்கும் பிள்ளைக்கும் களைப்பு வருகிறதே தவிர, உடலுக்கு வேண்டிய அசைவு கிடைப்பதில்லை. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, 20 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருப்பதாகக் கண்டது. ஏழு மாகாணங்களில் நடந்த அந்த ஆய்வில் யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. எங்கள் பெண்களின் சீனி வருத்தம் அந்தக் கணக்கிலேயே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரையான மிதமான அசைவு தேவை. அதாவது பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்க வேண்டும். கூடவே வாரத்தில் இரண்டு நாட்களாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. சந்தா கட்டித்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து இருப்பது, சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளுவது, அரிசிப் பையைத் தூக்கி இறக்குவது எல்லாம் தசைப் பயிற்சிதான்.

வீடியோவில் துள்ளும் ஆசிரியைக்கு நம்மைத் தெரியாது. ஷெல் துண்டை உடம்பில் சுமந்திருப்பவள் யார், செயற்கைக் கால் போட்டவள் யார் என்று அவள் காண்பதில்லை. இன்னொன்றை எங்கள் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதேயில்லை. பல பிள்ளை பெற்றவர்களில் சிலருக்குக் குதித்தால் சிறுநீர் கசியும். சிலருக்குக் கர்ப்பப்பை இறக்கம் இருக்கும். இவர்கள் குதிக்கும் பயிற்சிகளையும் பாரம் தூக்குவதையும் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும். இது வெட்கப்படும் விடயமல்ல. இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சி பலருக்குக் குணம் தருகிறது. அதைக் கிளினிக்கில் கேட்டு அறியலாம்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைக் குளிசை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சீனி திடீரென இறங்கக்கூடும். மயக்கம், நடுக்கம், வியர்வை வந்தால் உடனே வாயில் போட ஒரு டொபி கையில் இருக்கட்டும். வெறுங்காலோடு நடக்கவே கூடாது. நெஞ்சு நோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

மெய்யான தடை பணமல்ல என்பதே கிராமங்களில் நான் காண்பது. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண் மாலையில் நடக்கப் போனால் "யாருக்குக் காட்டப் போகிறாள்" என்று ஒரு கதை எழும். இதனால்தான் வீட்டுக்குள் செய்யும் வீடியோ இவர்களைக் கவர்கிறது. அதில் தவறில்லை, மூடிய கதவு சிலருக்குப் பாதுகாப்பு. ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து போனால் கதை தானாக அடங்குவதையும் பார்க்கிறோம். மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் அரை மணிநேரம் குளக்கட்டில் நடக்கலாம். கட்டில் ஏற முடியாத அம்மாவைக் கதிரையில் இருத்தி, கைகால் நீட்டி மடக்கச் செய்யலாம்.

தொடங்குமுன் ஒருமுறை அரச வைத்தியசாலைக்குப் போய் வாருங்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், உடல் நிறை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கும் பிரிவுகள் 2011 முதல் நாட்டில் அமைக்கப்பட்டு வந்துள்ளன. உங்கள் பகுதியில் அது எந்த நாளில் நடக்கிறது என்பதைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார்.