வெற்றுக் கோது சொல்லும் சேதி

எங்கள் ஊர்களில் ரவை என்றால் போர். அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் வேட்டைக்குப் போகிறவர்களும் இலக்குச் சுடும் போட்டியாளர்களும் அதை வீட்டு மேசையில் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கு அது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. வன்னி மண்ணைக் கிளறும்போது இன்றும் மேலே வரும் கோதுகளைப் பற்றி எழுத எண்ணி, இதில் நீண்ட அனுபவமுள்ள சிலருடன் இணையவழியாகப் பேசினேன்.

ஒரு ரவையில் நான்கு பகுதிகள் உண்டு: கோது, அதன் அடியிலுள்ள பிரைமர் என்ற சிறு தீமூட்டி, மருந்து, சன்னம். சுட்டபின் திரும்பப் பயன்படுவது கோது மட்டுமே. பித்தளைக் கோதைத் துப்புரவாக்கி, பழைய அளவுக்கு அழுத்தி, மீண்டும் நிரப்பலாம்.

ஒவ்வொரு துப்பாக்கிக் குழலும் சற்று வேறுபடும். அதற்கேற்ற கலவையைத் தேடுவதுதான் இவர்களின் வேலை. மருந்தை கிரெய்ன் என்ற அலகில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம், அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கணக்கு வைக்கிறார்கள். அச்சிட்ட அட்டவணையின் குறைந்த அளவில் தொடங்குவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார்கள். சுட்ட ஒவ்வொரு கோதையும் எடுத்துப் பார்ப்பார்கள். பிரைமர் தட்டையாகியிருந்தாலோ கோது வெடித்திருந்தாலோ அத்துடன் நிறுத்திவிடுவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் நிரப்பிய ரவையைத் தொடவே மாட்டார்கள்.

கோதைப் படிக்கும் இந்தப் பழக்கம்தான் நமக்குப் பயன்படக்கூடியது. ரி-56 துப்பாக்கியின் ரவை 7.62×39 மில்லிமீற்றர். சீனத் தயாரிப்புகளில் கோது பெரும்பாலும் உருக்கு. மேலே செம்புப் பூச்சு அல்லது வார்னிஷ் போன்ற பூச்சு இருக்கும். அது உரிந்தால் கோது துருப்பிடிக்கும். பித்தளைக் கோது பச்சை படிந்தாலும் நீண்டகாலம் உருக்குலையாது.

கோதின் அடியில் முத்திரை உண்டு. சீன இராணுவ ரவைகளில் பொதுவாகத் தொழிற்சாலை எண்ணும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். யார் சுட்டார் என்பதைச் சொல்லாது. ஆனால் துப்பாக்கியின் ஊசி குத்திய தடமும், கோதை வெளியே இழுத்த கொக்கியின் கீறலும் எந்தத் துப்பாக்கி என்பதை ஒப்பிட்டறியத் தடயவியலாளருக்கு உதவும். அதனால் கோது கிடந்த இடமும் ஒரு சாட்சியம். காணாமல் ஆக்கப்பட்டோருக்கு நீதி தேடும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. கையில் எடுத்துத் துடைத்து, பழைய இரும்பு வியாபாரியிடம் நிறைக்கு விற்றால் அந்தச் சாட்சியம் அழிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. மூக்கில் சன்னம் இருந்தால் அது வெற்றுக் கோது அல்ல. 40 மில்லிமீற்றர் எறிகணை போன்றவையும் பெரிய ரவைபோலத் தோன்றும்; அவற்றின் தலையில் வெடிமருந்து இருக்கும். தட்டவோ, சூடாக்கவோ, கழற்றவோ கூடாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். கண்ட இடத்தில் அப்படியே விட்டு, தூரத்தில் அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவினருக்கோ 119 இலக்கத்தில் பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.

ஆண்டுக்கணக்காக ரவை நிரப்பும் கைகளே தெரியாத ரவையைத் தொட அஞ்சுகின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மழையிலும் வெயிலிலும் கிடந்ததை நாம் தொடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.