தீவின் முதுகுப்புறம்

மாக் மண்டின்காரர்கள் பாலத்தைத் தாண்டப் புறப்படும்போது “பினாங்குக்குப் போறேன்” என்றுதான் சொல்வோம். “நீங்கள் இருப்பதே பினாங்கு மாநிலம்தானே?” என்று பல்கலைக்கழகத்தில் கோலாலம்பூர் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் பெருநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பினாங்கு என்பது அக்கரையில், கடலுக்கு அப்பால் நீல நிறத்தில் தெரியும் அந்த மலைதான்.

என் அப்பா மாக் மண்டின் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் ஷிப்டு வேலை பார்த்தவர். அவர் அறிந்த பினாங்கு மூன்று இடங்களில் அடங்கிவிடும்: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, துணிமணிக்கு லிட்டில் இந்தியா, நோய்க்குப் பொது மருத்துவமனை. மூன்றும் மலைக்கு இந்தப் பக்கம். சின்ன வயதில் நான் மாடியில் நின்று, “அந்த மலைக்குப் பின்னாடி என்னப்பா இருக்கு?” என்று கேட்டால், “கடல்தான், வேறென்ன” என்பார். ஓய்வு பெற்றுப் பத்தாண்டு கழித்து, முழங்கால் வலி முற்றிய பிறகு, ஒருநாள் அவராகவே, “தம்பி, அந்தப் பின்பக்கத்தை ஒருக்கா பாத்துட்டு வந்துடலாமா?” என்றார். பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளம்பினோம்.

தீவைச் சுற்றி வரும் சாலை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நிறுத்தாமல் ஓட்டினால் அரை நாள்கூட ஆகாது. முன்பு பட்டர்வொர்த்திலிருந்து காரோடு பெர்ரியில் ஏறிவிடலாம். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அந்த வசதி நின்றுபோனது. இப்போதைய பெர்ரிகள் கார்களை ஏற்றுவதில்லை. ஆகவே 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலத்தின் வழியே போனோம். தீவுக்குப் போகும்போதுதான் டோல் கட்ட வேண்டும், திரும்பும்போது கிடையாது. “உள்ளே போறதுக்குத்தான் காசு, வெளியே வந்தா விட்டுடுவான்” என்றார் அப்பா.

ஜார்ஜ்டவுனைக் கடந்து தஞ்சோங் பூங்காவை நெருங்கியதும் சாலையின் குணமே மாறிவிடுகிறது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் கடல். இரண்டுக்கும் நடுவே தட்டையான நிலம் மிகக் குறைவு. தீவின் முதுகெலும்பு கருங்கல் மலைத்தொடர். அதன் வடக்கு முனை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. சாலை அந்தச் சரிவைச் செதுக்கித்தான் போக வேண்டும். வளைவுகள் அத்தனை இருப்பதற்குக் காரணம் இதுவே. பத்து பிரிங்கி கடற்கரையில் யானைக்குட்டிகள் படுத்திருப்பதுபோல் கிடக்கும் உருண்டைப் பாறைகளும் இந்த மலையின் பிள்ளைகள்தாம். வெப்ப நாட்டு மழைநீர் கருங்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, ஓரங்களையும் மூலைகளையும் முதலில் மக்கச் செய்கிறது. நடுவில் கெட்டியான உருண்டை மிஞ்சுகிறது. சுற்றியுள்ள மண்ணைக் கடல் அரித்துக்கொண்டு போனதும் பாறை மட்டும் நிற்கிறது. ‘பத்து’ என்றால் மலாயில் கல். ‘பிரிங்கி’ வேறொன்றுமில்லை, நம் ‘பரங்கி’தான். பரங்கிப்பாறை என்று சொல்லிப் பாருங்கள், ஊர் சற்று நெருங்கி வந்துவிடும்.

மக்கிய கருங்கல் மண் மழையில் எளிதில் சரியும். 2017 அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அடுத்த மாதமே கொட்டிய பெருமழையில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் மலைச்சாலையும் சரிவுகளால் மூடப்பட்டது. சரிவுகளில் ஏறி நிற்கும் அடுக்குமாடிகளைப் பார்த்து, “இங்க எவன் தைரியமா தூங்குவான்?” என்றார் அப்பா. நான் பதில் சொல்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தெலுக் பஹாங்கில் கடலோரச் சாலை முடிந்துவிடுகிறது. தீவைச் சுற்றும் சாலை என்று பெயர்தானே தவிர, வடமேற்கு மூலையை அது தொடுவதே இல்லை. அங்கே ஒரு வாசல் இருக்கிறது. அதற்கு அப்பால் காடு. பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்த அந்த மூலை, 2003இல் பினாங்கு தேசியப் பூங்காவானது. சாலை போடாததால்தான் அங்கே காடு இன்னும் இருக்கிறது என்பது என் கருத்து. பத்து பிரிங்கியில் வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து நகர்வதைப் பார்த்துவிட்டு அங்கே வருபவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

மாணவனாக இருந்தபோது நண்பர்களோடு அந்த வாசலிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்து கெராச்சூட் கடற்கரைக்குப் போயிருக்கிறேன். அங்கே மணலுக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. மேலே மலையோடையின் நல்ல தண்ணீர், அடியில் கடலின் உப்புத் தண்ணீர். உப்புநீர் கனமானது என்பதால் அடியிலேயே தங்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலக்காமல் கிடக்கின்றன. வறண்ட மாதங்களில் ஏரி வற்றி வெறும் சேறாகிவிடும். நாங்கள் போனது அப்படியொரு மாதத்தில்தான். அன்று அதை ஏரி என்று யாரும் நம்பவில்லை! பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரையும் அதுவே.

அப்பாவின் முழங்காலுக்கு அந்த நடை ஆகாது. வாசலருகே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, “நீ வேணும்னா போய்ட்டு வா, நான் இருக்கேன்” என்றார். நான் போகவில்லை. ஏரியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, “ரெண்டு தண்ணியும் ஒரே குளத்துல இருந்தும் சேரலையா?” என்றார். கொஞ்ச நேரம் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து சாலை தெற்கே திரும்பி மலை ஏறுகிறது. ஏறிய சிறிது நேரத்திலேயே தெலுக் பஹாங் அணைக்கட்டின் நீர்த்தேக்கம். 1999இல் கட்டி முடிக்கப்பட்ட இது, தீவிலேயே பெரியது. சுற்றிலும் பச்சை மலை, நடுவே அசையாத தண்ணீர், கரையோரம் மட்டும் நீர் இறங்கிய செம்மண் வளையம். “பினாங்கு குடிக்கிற தண்ணி இதுதானா?” என்று அப்பா கேட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறோம், உண்மை வேறு. மாநிலத்தின் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அது மாக் மண்டினுக்குப் பக்கத்திலேயே உள்ள சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்பட்டு, கடலுக்கு அடியில் போடப்பட்ட குழாய்கள் வழியே தீவுக்குப் போகிறது. இந்த ஏரி வறட்சிக்கான சேமிப்பு. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் பெரிய வால்வுகளை மாற்றத் தண்ணீரை நிறுத்தியபோது, நாங்கள் வாளி வாளியாகப் பிடித்து வைத்தது நினைவிருக்கலாம். அன்று அக்கரையிலும் வாளிதான்.

“அப்போ நம்ம பக்கத்துத் தண்ணியைத்தான் அவங்க குடிக்கிறாங்க,” என்று அப்பா சிரித்தார். அன்று அவரை அதிகம் மகிழ்வித்த செய்தி இதுதான். வழி நெடுக மூன்று முறை சொன்னார்.

அடுத்து வருவது தித்தி கெராவாங். மழைக்காலத்தில் நல்ல அருவி. அன்று பாறையில் ஒரு வெள்ளிக் கோடு மட்டும். சாலையோரத்தில் டுரியான், கிராம்பு, ஜாதிக்காய் மரங்கள். ஜாதிக்காய் இந்த மண்ணுக்கு உரியதல்ல. ஏறத்தாழ 1800ஐ ஒட்டி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்டது. 1860களில் நோய் தாக்கித் தோட்டங்கள் அழிந்தன. இங்குமங்கும் மிஞ்சிய மரபில்தான் இன்றைய மரங்கள் நிற்கின்றன. பினாங்கின் பல பழைய சாலைகளை வெட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். அதைச் சொன்னதும் அப்பா கண்ணாடியை இறக்கி, சாலையின் வெட்டுச் சுவரை ஒருமுறை பார்த்தார்.

மலை இறங்கினால் பாலிக் புலாவ். ‘பாலிக்’ என்றால் பின்பக்கம். தீவின் பின்பக்கம் என்பதுதான் ஊரின் பெயரே. இத்தனை நேரம் மலையோடு மல்லுக்கட்டிய சாலை இங்கே வயல்வெளிகளுக்கு நடுவே ஓய்வாகப் போகிறது. ஓடைகள் கொண்டுவந்து பரப்பிய வண்டல் இது. கடைவீதியில் லக்சா சாப்பிட்டோம். எனக்குப் புளிப்பான அசாம், அப்பாவுக்குத் தேங்காய்ப்பால் சேர்த்த சியாம். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

மேற்குக் கரையில் பூலாவ் பெத்தோங் அருகே பாசிர் பாஞ்சாங் என்றொரு கடற்கரை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமியில் பினாங்கில் இறந்தவர்கள் 52 பேர். அதில் இந்தக் கரைக்கு உல்லாசமாக வந்திருந்தவர்களும் உண்டு. சுமத்ரா குறுக்கே இருப்பதால் அலை வராது என்றிருந்த எண்ணம் அன்றோடு போயிற்று. அப்பா காரை விட்டு இறங்கிக் கடலைப் பார்த்தார். எதிரே கரையே இல்லை. பட்டர்வொர்த்தில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஏதாவது ஒரு கரை இருக்கும், இங்கே இல்லை. “கடல்தான், வேறென்னன்னு சொன்னேன். இவ்வளவு பெருசுன்னு நெனைக்கல” என்றார்.

தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை என்று திரும்பும் வழியில் சொல்ல அதிகமில்லை. எல்லா ஊரிலும் உள்ள நெரிசல். ஏழு மணிக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்தோம். அப்பா படியேறி மாடியில் நாற்காலியைப் போட்டார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, எங்கள் பக்கம் நிழல் விழுந்திருந்தது.

“இங்க இறங்கிடுச்சு,” என்றார். “பூலாவ் பெத்தோங்குல இன்னும் வெயில் அடிச்சிட்டிருக்கும்.”