ஸ்டீயரிங் ஆடுதா? முதல்ல ஜாக்கியை எடுங்க

2014-ல உற்பத்தி நின்ன மாருதி 800 நம்ம ஓசூர் பக்கம் இன்னும் ஓடுது. ஊருக்குள்ள ஒழுங்கா போற வண்டி, என்.எச். 44-ல சூளகிரி தாண்டி 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும். "அலைன்மென்ட் பண்ணுப்பா"ன்னு எல்லாரும் சொல்வாங்க. பெரும்பாலும் அது தப்பு. அலைன்மென்ட் கெட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும். அந்த 12 இன்ச் சக்கரம் 80-ல நொடிக்கு ஏறக்குறைய 14 சுத்து சுத்துது. எடை ஒரு பக்கம் கூடியிருந்தா அத்தனை முறையும் உதைக்கும். அதனால, குறிப்பிட்ட வேகத்துல மட்டும் நடுக்கம்னா பேலன்சிங் பாருங்க. பிரேக் மிதிச்சா மட்டும்னா டிஸ்க்.

ஸ்டீயரிங் லூஸா இருக்கறது வேற கதை, இதுதான் ஆபத்து. டை ராட் முனையில இருக்கற பந்து மூட்டோட ரப்பர் உறை கிழிஞ்சா கிரீஸ் போயிடும், மண் புகுந்து பந்து தேயும். மொத்தமா கழண்டா அந்தச் சக்கரம் நம்ம பேச்சைக் கேக்காது, பக்கத்துல கன்டெய்னர் லாரி போனாலும் சரி.

சமதளத்துல பின் சக்கரத்துக்குக் கல் வச்சு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்க. (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க.) தரையில இருக்கற மறு சக்கரம் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கும். இப்போ 9 மணி, 3 மணி இடத்துல பிடிச்சு ஆட்டுங்க. அப்புறம் 12, 6. முதல் ஆட்டத்துல மட்டும் 'டக் டக்'னா டை ராட் எண்ட் இல்லன்னா ரேக். ரெண்டாவதுல மட்டும்னா பால் ஜாயின்ட். ரெண்டுலயும் ஆடினா வீல் பேரிங்.

தேஞ்ச மூட்டை மாத்தின பிறகு அலைன்மென்ட் பண்ணுங்க. முன்னாடியே பண்ணினா, டை ராட் எண்டைக் கழட்டும்போது எல்லாம் மாறிடும், காசு தண்டம்.