ரோட்டா வைரஸின் வகைகளை அறிதல்

குழந்தைக்கு வாந்தியும் நீர்போன்ற வயிற்றுப்போக்கும் ஒருங்கே காணுமாயின், முதலில் ஐயுறத்தக்கது ரோட்டா வைரஸ். 1973-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் எலெக்ட்ரான் நுண்பெருக்கியின் வாயிலாக இதனைக் கண்டனர். வண்டிச் சக்கரத்தை ஒத்திருப்பதால், லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லே இதற்குப் பெயராயிற்று. 2005 டிசம்பர் முதல் ஈராண்டுக் காலம் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், வயிற்றுப்போக்கினால் சேர்க்கப்பட்ட ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 39 பேரிடம் இது காணப்பட்டது.

இவ்வைரஸின் மரபுப்பொருள் 11 துண்டுகளாக உள்ளது. மலத்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, ஜெல்லில் இட்டு மின்சாரம் செலுத்தினால், சிறிய துண்டுகள் விரைந்தும் பெரியவை பின்தங்கியும் சென்று ஏணிப்படிகள் போன்ற கோடுகளாக நிற்கும். குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் 'ஏ' பிரிவில் இக்கோடுகள் மேலிருந்து நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு எனக் கூட்டங்கூட்டமாக அமையும். அப்பிரிவிற்குள் மேலும் வகை பிரிப்பதற்கு, வெளியுறையிலுள்ள இரு புரதங்களின் மரபணுக்களைப் பி.சி.ஆர். முறையால் ஆராய்வர், ஒன்று 'ஜி' எண்ணையும் மற்றது 'பி' எண்ணையும் தரும். மேற்கூறிய ஆய்வில் மிகுதியாகக் கண்ட வகைகள் ஜி2பி4, ஜி1பி8 என்பன. ஒரு குழந்தையின் குடலில் இரு வகைகள் ஒருங்கே புகுந்தால் துண்டுகள் கலந்து புதிய வகை தோன்றக்கூடும். ஆதலின் இப்பட்டியல் நீண்டுகொண்டே செல்வதில் வியப்பில்லை.

புனே நகரில் 1952-இல் தொடங்கப்பெற்று, 1978 முதல் தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர்பெற்ற நிலையத்தின் அனுபவம் இங்குக் கருதத்தக்கது. 1982-83-இல் சீனத்தில் வயதுவந்தோரிடையே பெருவாரியாகப் பரவிய வயிற்றுப்போக்கிற்குக் காரணம் 'பி' பிரிவு ரோட்டா வைரஸ். பின்னர் கல்கத்தாவிலும் அது தென்பட்டது. கல்கத்தாவில் கண்டதை ஒத்த வைரஸ் மேற்கிந்தியாவில் 1993 முதலே நடமாடி வந்துள்ளதெனப் புனே ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டனர். இடையில் அது கவனத்திற்குத் தப்பியதற்குக் காரணம் எளிதில் விளங்கும். வழக்கமான எலிசா சோதனை 'ஏ' பிரிவின் உட்புரதத்தையே தேடுகிறது. 'பி' பிரிவு எதிரே இருந்தும் 'இல்லை' என்றே விடை வரும். ஜெல்லிலோ அதன் கோடுகள் வேறு விதமாக அமைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

புனேயிலேயே சீரம் நிறுவனம் தயாரிக்கும் ரோட்டாசில் தடுப்புமருந்து ஜி1, ஜி2, ஜி3, ஜி4, ஜி9 ஆகியவற்றிற்கென அமைந்தது. அனைத்தும் 'ஏ' பிரிவினவே. ஆகவே, வாந்திபேதி எனக் கருதப்பட்டு, காலராக் கிருமி கிட்டாத வயதுவந்தோரின் மாதிரிகளைக் களப்பணியாளர் அலட்சியம் செய்யலாகாது. நோய் கண்ட முதல் நாட்களிலேயே, ஃபார்மலின் முதலிய மருந்து எதுவும் சேர்க்காமல், இறுக மூடும் தூய குப்பியில் மலத்தை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புதல் வேண்டும். வயதையும் நோய் தொடங்கிய நாளையும் சீட்டில் குறிக்க வேண்டும். குழந்தையாயின் சொட்டுமருந்து கொடுத்த நாளும் அவசியம். மருந்திலுள்ள வைரஸே சில நாட்கள் மலத்தில் வெளிப்படுவதுண்டு.