விரிவுரை மண்டபமும் மாணவர் மொழியும்

பல்கலைக்கழகத்தில் எம்மொழியிற் கற்பிப்பது என்னும் வினா எழும்போது பேராசிரியரும் அமைச்சரும் பேசுவர். மாணவர் குரல் ஏட்டில் ஏறுவது அரிது. தென்னாபிரிக்காவின் ஸ்டெலன்பொஷ் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு புறநடை.

1918ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகமாய் உருப்பெற்ற இந்நிறுவனம் ஆபிரிக்கான்ஸ் மொழியின் கோட்டையாக நெடுங்காலம் விளங்கிற்று. இலங்கைக் கரையோரத்தை ஆண்ட அதே ஒல்லாந்தக் கும்பனியார் தென்னாபிரிக்க முனையில் அமைத்த குடியேற்றத்திலே வளர்ந்த மொழி அது. பின்னர் நிறவெறி அரசின் மொழியுமாயிற்று. பாடசாலைகளில் அதனைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து 1976ஆம் ஆண்டில் சொவெற்றோ மாணவர் கிளர்ந்தெழுந்து குண்டுக்கு இரையாயினர் என்பதை மறந்துவிட்டு இவ்வழக்கை விளங்கிக்கொள்ள இயலாது.

2015ஆம் ஆண்டிற் கறுப்பின மாணவர் தம் குறையை வெளிப்படையாக உரைத்தனர். ஆசிரியர் ஆபிரிக்கான்சில் விரிவுரை நிகழ்த்த, அம்மொழி அறியாதார் காதிற் கருவியை மாட்டி மொழிபெயர்ப்பைக் கேட்டனர். சக மாணவர் நகைக்கும் இடத்தில் இவர்கள் சற்றுப் பிந்தியே நகைக்க வேண்டும்! பாடத்தின் நுட்பம் தவறுகிறது என்பது ஒரு குறை. கருவி அணிந்தோர் அயலார் என மண்டபம் முழுதும் காண்கிறது என்பது அதனினும் பெரிய குறை. 2016ஆம் ஆண்டு வகுத்த புதிய கொள்கை ஆங்கிலத்துக்கு முதலிடம் அளித்தது. பிற நாட்டு மாணவரையும் ஆய்வாளரையும் வரவேற்க விழையும் எந்நிறுவனத்துக்கும் ஆங்கிலம் வசதியானதே.

ஆபிரிக்கான்ஸ் ஆர்வலர் வழக்குத் தொடுத்தனர். விரும்பிய அரசகரும மொழியிற் கல்வி பெறும் உரிமையை 1996ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு வழங்குகிறது. ஆயினும், நியாயமாக இயலுமிடத்து மட்டுமே. ஒவ்வொரு பாடத்தையும் இரு மொழியிலும் தனித்தனியே நடத்துவதற்குப் பெருஞ் செலவாகும் என்பதை ஏற்ற அரசியல் யாப்பு நீதிமன்றம், 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வழக்கைத் தள்ளிற்று. தீர்ப்புடன் உடன்பட்ட நீதியரசர் புரோனமன், தமது தனித் தீர்ப்பின் ஒரு பகுதியை ஆபிரிக்கான்சிலேயே எழுதினார். அம்மொழி வெள்ளையரின் தனியுடைமை அன்று. அம்மாகாணத்தில் கலப்பினத்தவர் பலருக்கும் அதுவே தாய்மொழி. அவர்களுள் வறிய வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கில விரிவுரை எளிதன்று.

2021ஆம் ஆண்டில் நிலைமை தலைகீழாயிற்று. சில விடுதிகளிற் புதுமுக மாணவர் தமக்குள்ளேயும் ஆபிரிக்கான்ஸ் பேசலாகாதெனத் தடுக்கப்பட்டனர் என்ற முறைப்பாடு எழுந்தது. அஃது உரிமை மீறலே என மனித உரிமை ஆணைக்குழு 2023ஆம் ஆண்டில் முடிவு செய்தது.

பல்கலைக்கழகக் கொள்கையில் மூன்றாம் மொழியொன்றும் உண்டு. கோசா எனப்படும் அது, அம்மாகாணக் கறுப்பின மக்களுட் பெரும்பாலோரின் தாய்மொழி. எனினும் விரிவுரை மொழியாக அஃது இன்னும் உயரவில்லை.