மீட்கப்பட்ட கணினியும் பின்தங்கிய கடிகாரமும்

மெய்நிகர்க் கணினியின் நினைவையும் வட்டையும் ஒரு கணத்தில் பதிந்து வைப்பதே ஸ்னாப்ஷாட் என்னும் நிலைப்பதிவாகும். தானியங்கிக் கருவி அதனை மீட்டதும் கணினி செவ்வனே இயங்கத் தொடங்கும். எனினும் அதன் கடிகாரம் பதிவு செய்த வேளையையே காட்டக்கூடும். கெர்பரோஸ் என்னும் அடையாள முறை வழக்கமாக 5 நிமிட வேறுபாட்டையே பொறுக்கும். அதற்கு மேற்படின் அனுமதி மறுக்கப்படும். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினும் பயனிராது. ஆகவே, மீட்டவுடன் நேரத்தைத் திருத்திய பின்னரே அடுத்த பணியைத் தொடங்குமாறு கருவியை அமைத்தல் வேண்டும்.

நேரம் சரியாயிருந்தும் மறுப்பு நீடிப்பின், பதிவின் வயதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் டொமைனில் கணினியின் சொந்தக் கடவுச்சொல் இயல்பாக 30 நாட்களுக்கொருமுறை மாறும். பழைய பதிவிலுள்ளது செல்லாது. இந்திய நேரத்தைப் பரப்பும் திட்டத்திற்குரிய 5 வட்டார ஆய்வுக்கூடங்களுள் ஒன்று பெங்களூரில் உள்ளது.